பாவனைக் கிளினிக்கல் போஸ்டிங்கை நீலகிரியில் நடத்துவது எப்படி? பேச்சு–மொழி சிகிச்சை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேச்சு, செவிப்புலன் துறையின் இளநிலைப் பட்டப்படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி.யில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, உடன் படித்த நால்வரைச் சேர்த்துக்கொண்டு, என் சொந்த ஊரான கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஐந்து நாள் பாவனைப் போஸ்டிங் ஒன்றை நடத்தினேன். கையிலிருந்த பணம் போயிற்று, விடுமுறையும் போயிற்று. பயிற்சி நேரத்தைப் பதியும் லாக்புக்கில் ஒரு மணி நேரம்கூட ஏறவில்லை. ஏழு மாதம் கழித்து அதே ஊரில், அதே சமுதாயக் கூடத்தில் மறுபடியும் நடத்தியபோது எல்லா மணி நேரமும் ஏறியது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊட்டி, குன்னூர், குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து சமவெளிக் கல்லூரிகளுக்குப் படிக்கப் போயிருப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும்.

போஸ்டிங் என்பது நோயாளிகளை நேரில் பார்த்துச் செய்யும் பயிற்சி. பாவனைப் போஸ்டிங்கில் உண்மையான நோயாளி இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாகவோ அவருடைய குடும்பத்தினராகவோ நடிப்பார். மாணவர், மேற்பார்வையாளர் முன்னிலையில் அவரிடம் கேஸ் ஹிஸ்டரி எடுத்து, மதிப்பிட்டு, ஆலோசனை சொல்லிவிட்டு, பிறகு எல்லாரும் உட்கார்ந்து நடந்ததை அலசுவார்கள். இது வழக்கமான போஸ்டிங்கோடு கூடுதலாகச் சேர்வதே தவிர, அதற்கு மாற்று ஆகாது.

1. ஒப்புதல் கடிதத்தை முதலில் வாங்குங்கள்

எங்கள் முதல் முயற்சி வீணானதற்கு ஒரே காரணம் தேதிதான். துறைத் தலைவர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை நம்பிப் போஸ்டிங்கை முடித்துவிட்டு வந்து கடிதம் கேட்டோம். முடிந்துபோன நிகழ்ச்சிக்கு முன்தேதியிட்டு ஒப்புதல் தர முடியாது என்று கல்லூரி மறுத்துவிட்டது. கோபமாகத்தான் இருந்தது, ஆனால் அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆகவே, போஸ்டிங் தொடங்கும் நாளுக்கு ஆறு வாரம் முன்பே விண்ணப்பம் கொடுங்கள். கடிதம் கைக்கு வராமல் கூடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

கடிதத்தில் மொத்த மணி நேரம் மட்டும் இருந்தால் போதாது. அதில் எத்தனை மணி நேரம் நேரடிப் பயிற்சியாகவும், எத்தனை மணி நேரம் பார்வையிடலாகவும் கணக்கில் ஏறும், அலசல் நேரம் எந்தப் பிரிவில் சேரும், ஒருவர் நோயாளியிடம் பேசும்போது பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற நால்வருக்கு என்ன கணக்கு என்பவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை மாணவர்கள் கேட்க மறந்துவிடுவார்கள். பிறகு ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார்கள்.

வெளிநாட்டு விதிகளைக் காட்டி வாதாட வேண்டாம் என்பது என் அனுபவம். அமெரிக்கப் பேச்சு–மொழி–செவிப்புலன் சங்கம் கேட்கும் 400 மணி நேரத்தில் 25 மணி நேரம் பார்வையிடல், 375 மணி நேரம் நேரடிப் பயிற்சி. அந்த 375இல் 75 மணி நேரம் வரை பாவனை வழியாகச் செய்ய அங்கே அனுமதி உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய சோதனையில், போஸ்டிங்கின் ஐந்தில் ஒரு பங்கைப் பாவனையாகச் செய்த மாணவர்களின் திறன், முழுவதையும் வழக்கமான முறையில் செய்தவர்களின் திறனுக்குக் குறையாமல் இருந்தது. இவை விண்ணப்பத்தில் ஆதரவாக ஓரிரு வரி எழுதப் பயன்படும். நம் பாடத்திட்டம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழ் வருவது. உங்கள் லாக்புக்கில் கையெழுத்திடுவது உங்கள் கல்லூரி. எனவே அமெரிக்காவின் 75 மணி நேரம் இங்கே தானாகச் செல்லுபடியாகாது.

2. மேற்பார்வையாளரின் பதிவைச் சரிபாருங்கள்

மேற்பார்வையாளர் மறுவாழ்வுக் குழுமத்தின் மத்தியப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதும், உங்கள் போஸ்டிங் நாட்களில் அது நடப்பில் இருக்க வேண்டும் என்பதும்தான் மறந்துபோகும். சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, காலாவதித் தேதியைப் பார்த்து, விண்ணப்பத்துடன் இணைத்துவிடுங்கள். ஆசிரியரிடம் சான்றிதழ் கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று தயங்கினேன். அவரோ, நல்ல வேளை கேட்டாய் என்று சொல்லிப் புதுப்பித்த நகலை அன்றே அனுப்பினார்.

3. கேஸை இந்த மலையிலிருந்தே எழுதுங்கள்

முதல் முறை, இணையத்தில் கிடைத்த வெளிநாட்டுக் கேஸ் ஒன்றைப் பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்தினோம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வாரக் கடைசியில் கோல்ஃப் ஆடுவார் என்று அதில் இருந்தது. நடித்தவருக்குக் கோல்ஃப் தெரியாது, கேட்ட எங்களுக்கும் தெரியாது. பக்கவாதத்துக்கு முன் அவர் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்று கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் இரண்டு நிமிடத்தில் வற்றிப்போயின.

இரண்டாம் முறை இப்படி எழுதினேன்: வயது 58, தேயிலை பேக்டரியில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை, வீட்டில் படுக மொழி, வேலையிடத்தில் தமிழ், மூன்று மாதத்துக்கு முன் மூளையின் இடப்பக்கம் பக்கவாதம், வலக்கை பலவீனம், சொல்வது பெரும்பாலும் புரிகிறது, பேச்சு தடுமாறித் துண்டு துண்டாக வருகிறது. இந்த ஒரே கேஸுக்குள் மாணவர் கேட்டறிய வேண்டியவை பல இருக்கின்றன. எந்த மொழியில் மதிப்பிடுவது? இரு மொழி பேசுபவருக்கு அஃபேசியா, அதாவது மூளைப் பாதிப்பால் வரும் மொழி இழப்பு வந்தால் இரண்டும் ஒரே அளவில் மீளும் என்று கொள்ள முடியாது. படுக மொழியில் மனைவியிடம் ஓரளவு பேசுபவர் தமிழில் வாயே திறக்காமல் இருக்கலாம். தமிழ் பேசுவோரை வைத்துத் தரப்படுத்திய மதிப்பெண்ணை இவர்மேல் அப்படியே ஏற்றினால், மொழிப் பழக்கத்தையும் சேர்த்து நோயின் கணக்கில் எழுதிவிடுவோம். பேக்டரி இரைச்சலில் முப்பது ஆண்டு இருந்தவர் என்பதால், கேள்வி புரியவில்லையா, காதிலேயே விழவில்லையா என்பதையும் முதலில் பிரித்தறிய வேண்டும். எங்கள் ஐவரில் ஒருத்தி மட்டுமே கேட்கும் திறனைப் பற்றிக் கேட்டாள்.

பெயர் சொல்லும் பயிற்சிக்கான படங்களையும் மாற்றுங்கள். கப்பலும் ஒட்டகமும் இருக்கும் அட்டைகளுக்குப் பதிலாக, கொழுந்துக் கூடை, கவாத்துக் கத்தி, கம்பளித் தொப்பி, கேரட், மினி பஸ் ஆகியவற்றை நீங்களே படமெடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் நடத்துவதானால் மலையாளமும் தமிழும் கலந்த வீடுகளும், இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் தமிழும், பணியர், காட்டுநாயக்கர் குழந்தைகள் வீட்டில் பேசும் மொழியும் கேஸில் வரட்டும். ஆனால் அந்த மொழியைப் பேசாதவரை அந்தச் சமூகத்தவராக நடிக்கவைக்காதீர்கள். அது கேலியாகத்தான் முடியும்.

உண்மையான நோயாளியின் கேஸ் தாளிலிருந்து ஒரு வரியைக்கூட எடுக்காதீர்கள். பெயரை நீக்கிவிட்டாலும், ஐம்பது வீடுகள் உள்ள ஹட்டியில் (படுகர் ஊரில்) அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

4. நடிப்பவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள்

இதற்கு இரண்டு அரை நாட்களை ஒதுக்குங்கள். நாடக அனுபவம் தேவையில்லை. சொன்னதைச் சொன்னபடி திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமை தேவை. ஐந்து மாணவர்களும் ஒரே கேள்வியைக் கேட்டால் ஐந்து பேருக்கும் ஒரே பதில் கிடைக்க வேண்டும், அப்போதுதான் ஒருவருடைய வேலையை இன்னொருவருடையதோடு ஒப்பிட முடியும். ஆகவே, தானாகச் சொல்லவேண்டியவை, கேட்டால் மட்டும் சொல்லவேண்டியவை, கேட்டாலும் சொல்லக்கூடாதவை என்று மூன்றாகப் பிரித்து ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அஃபேசியாவை நடிக்கச் சொன்னால், பழக்கமில்லாதவர் குடித்தவரைப் போலக் குழறுவார், அல்லது ஒன்றும் புரியாதவரைப் போல விழிப்பார். எங்களுக்கு நடித்துக்கொடுத்த பெரியப்பாவும் முதல் நாள் அப்படித்தான் செய்தார். ‘குழற வேண்டாம் பெரியப்பா, வேற்றுமை உருபையும் வினையின் முடிவையும் மட்டும் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்தோம். ‘பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் அனுப்பினேன்’ என்பது ‘பேத்தி… பள்ளிக்கூடம்… பஸ்… அனுப்பு…’ என்று வெளிவந்தது. அத்துடன், சொல் கிடைக்காதபோது அவர் இடது கையால் தொடையைத் தட்டத் தொடங்கினார். நாங்கள் சொல்லிக்கொடுக்காத அந்த ஒரு தட்டு, எதிரில் உட்கார்ந்திருந்த மாணவனைக் கேள்வித்தாளை மூடிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவைத்தது.

குழந்தைகளைக் குறைபாடு உள்ளவர்களாக நடிக்கவைக்கக் கூடாது. குழந்தை கேஸ் வேண்டுமானால் தாயாக ஒருவரை நடிக்கவைத்து, பெற்றோர் நேர்காணலையும் ஆலோசனையையும் மட்டும் செய்யுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவருக்குக் கடினமாக இருப்பதும் அதுதான்.

ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவர் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று தனியாகக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. மனைவி வேடத்தில் நடித்த காய்கறிக் கடை அக்கா, ‘இனிமேல் இவர் பேசவே மாட்டாரா?’ என்ற வரியைச் சொன்னதும் நிறுத்த முடியாமல் அழுதுவிட்டார். அவருடைய அப்பா பக்கவாதத்தில் கிடந்து இறந்தவர் என்று அதற்குப் பிறகுதான் சொன்னார். மேற்பார்வையாளர் காட்சியை நிறுத்தி, அவரை வெளியே அழைத்துப்போய் டீ கொடுத்து, அரை மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சிக்கும் பிறகு, நடித்தவர் வேடத்துக்கான சால்வையைக் கழற்றிவைத்துவிட்டு, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, அன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்பது போன்ற இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். வீடியோ எடுப்பதற்குத் தனிப் படிவம் வேண்டும். யார் பார்ப்பார்கள், எங்கே இருக்கும், எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்பவை அதில் இருக்க வேண்டும். எங்களில் ஒருவன், பெரியப்பா நடித்த இருபது நொடியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். அரை மணி நேரத்துக்குள் கோயம்புத்தூரிலிருந்து அவருடைய மகள், அப்பாவுக்குப் பக்கவாதமா என்று அழுதுகொண்டே போன் செய்தார். மறுநாள் காலையில் நலம் விசாரிக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆரஞ்சுப் பையோடு இருவர் வந்துவிட்டார்கள். இப்போது நான் சொல்வது ஒன்றுதான்: பதிவு மேற்பார்வையாளரின் கருவியில் மட்டும் இருக்கட்டும், மாணவர்களின் போன்கள் வாசலில் ஒரு கூடையில் இருக்கட்டும்.

5. நாளையும் இடத்தையும் மலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே வேண்டாம். சீசன் கூட்டத்தால் தங்கும் அறை வாடகை பல மடங்காகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதை நடைமுறைக்கு வந்துவிட்டால், கோத்தகிரிக்கு வர குன்னூரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், தேவாலா பக்கம் மழை கொட்டும். அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் முற்பகுதி வரை குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண்சரிவு வரும். கொழுந்து அதிகமாக வரும் வாரங்களில் தோட்டத்தில் வேலை செய்பவர்களை நடிக்கக் கூப்பிடாதீர்கள், ஒரு நாள் எடை போனால் அந்த வாரக் கணக்கே குறையும். ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களில் படுகர் ஊர்களில் யாரும் கிடைக்க மாட்டார்கள். இவையெல்லாம் போக எங்களுக்கு மிஞ்சியது பிப்ரவரிதான்; காலையில் பனி இருந்தாலும் பகல் முழுக்க வெயில் அடித்தது.

மேற்பார்வையாளர் வெளி மாவட்டப் பதிவெண் உள்ள சொந்தக் காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை. மைசூர்ப் பக்கமிருந்து வருபவரானால், பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கூடத்தைப் பதிவு செய்யும் முன், மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை எந்த நாளில் என்று கேளுங்கள். தகரக் கூரை உள்ள கூடத்தை எடுக்காதீர்கள். மழை பெய்தால் பதிவில் ஒரு சொல்லும் விழாது. முணுமுணுப்பையும் தடுமாற்றத்தையும் காதால் கேட்டு எழுதவேண்டிய துறை இது.

6. பொருட்களும் செலவும்

ஐந்து மாணவர்கள், ஐந்து நாட்கள், மூன்று நடிப்பவர்கள். எங்களுக்கு மொத்தம் 19,400 ரூபாய் ஆனது, தலைக்கு 3,880 ரூபாய். அதில் நடிப்பவர்களின் மதிப்பூதியமே 7,500 ரூபாய், அதாவது ஒருவருக்கு நாளொன்றுக்கு 500. இதைக் குறைக்க நினைக்காதீர்கள். உறவினர்தானே என்று பெரியப்பாவுக்கு முதல் முறை ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் மூன்றாம் நாள் தாமதமாக வந்தபோது என்னால் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. மீதிப் பணம் மேற்பார்வையாளரின் தங்கும் அறை, பயணம், கூட வாடகை, உணவு, அச்சு என்று போனது. பாட்டில் தண்ணீருக்கும் பிளாஸ்டிக் கோப்பைக்கும் மாவட்டத்தில் தடை இருப்பதால் ஸ்டீல் டம்ளர்களை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.

விழுங்கல் கோளாறு கேஸ் வைத்திருந்தால் 10 மில்லி சிரிஞ்ச் சில தேவை. இட்சி எனப்படும் பன்னாட்டு அளவுமுறையில் பானங்களின் அடர்த்தியைச் சோதிக்க, முனையை விரலால் மூடி 10 மில்லி வரை ஊற்றி, விரலை எடுத்துச் சரியாகப் பத்து நொடி ஒழுகவிட்டு, மீதி எவ்வளவு என்று பார்ப்பார்கள். 1 முதல் 4 மில்லி வரை மீந்தால் அது நிலை 1. 4 முதல் 8 வரை என்றால் நிலை 2. 8க்கு மேல் மீந்தும் கொஞ்சமாவது ஒழுகினால் நிலை 3. ஒன்றுமே ஒழுகாவிட்டால் நிலை 4. எல்லா சிரிஞ்சும் இதற்கு உதவாது. 0 முதல் 10 வரையிலான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மருந்துக் கடைக்கு அளவுகோலோடு போய்ப் பாருங்கள். கடைக்காரர் என்னை விநோதமாகத்தான் பார்த்தார்.

பானத்தைக் கெட்டியாக்கும் விலை கூடிய மாவுப் பொடிக்குப் பதிலாக ராகிக் கஞ்சியை வடிகட்டிச் சோதித்தோம். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறியதும் 3 மில்லி மீந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, கோத்தகிரியின் குளிரில் அதே பாத்திரத்தில் 9 மில்லி மீந்தது. நிலை 1 என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், நோயாளி மேசைக்கு வரும்போது அது நிலை 3 ஆகியிருக்கும். குடிக்கும் நேரத்தில், குடிக்கும் சூட்டில் சோதிக்க வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நடிப்பவரிடம் சர்க்கரை நோய், ஒவ்வாமை பற்றிக் கேட்காமல் எதையும் வாயில் வைக்கச் சொல்லாதீர்கள்.

7. காட்சியை விட அலசலுக்கு நேரம் கொடுங்கள்

ஒரு சுற்றுக்குப் பத்து நிமிட முன்விளக்கம், இருபது நிமிடக் காட்சி, நாற்பது நிமிட அலசல் என்று வைத்துக்கொண்டோம். நாளுக்கு ஐந்து சுற்றுக்கு மேல் யாராலும் முடியாது. மேற்பார்வையாளர் உடனிருக்காத பாவனையில், கணக்கில் ஏறும் நேரத்தின் கால் பங்குக்கு ஈடாகவாவது அலசல் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சங்கம் கேட்கிறது. முதல் முறை நாங்கள் அவ்வளவுதான் வைத்தோம், அது எல்லாம் ‘நல்லா பண்ணினே’ என்பதிலேயே கழிந்தது.

அலசலில் முதலில் மாணவர் தனக்கு எப்படி இருந்தது என்று சொல்லட்டும். அடுத்து என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தார் என்று பார்க்கலாம். மேற்பார்வையாளர் கடைசியில் பேசட்டும். நடித்தவரையும் ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். ‘நீ என்னைக் கேட்காமல் என் பெண்டாட்டியையே கேட்டுக்கொண்டிருந்தாய்’ என்று பெரியப்பா சொன்னது, மேற்பார்வையாளர் எழுதிய ஒன்றரைப் பக்கக் குறிப்பை விட என்னிடம் நின்றது. காட்சியின் நடுவில் மாணவர் திகைத்துவிட்டால், கையை உயர்த்தி நிறுத்தி, ஆலோசனை கேட்டுவிட்டு, அதே இடத்திலிருந்து தொடரலாம் என்று முன்விளக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

8. உண்மையான நோயாளிகள் வந்தால்

வருவார்கள். ‘பேச்சு டாக்டர்கள் வந்திருக்கிறார்களாம்’ என்று இரண்டாம் நாளே ஊருக்குத் தெரிந்துவிடும். மூன்று வயதாகியும் பேசாத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வாசலில் நிற்கும்போது, நாங்கள் மாணவர்கள்தான் என்று சொல்லி அனுப்புவது கடினம். ஆனால் பாவனைப் போஸ்டிங்குக்கான ஒப்புதலை வைத்துக்கொண்டு உண்மையான குழந்தையை மதிப்பிடக் கூடாது. பதிவு இல்லாதவர் தொழில் செய்வது 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கும் எப்படிப் போவது என்று தமிழில் அச்சிட்ட சீட்டுகளை வாசலில் வையுங்கள். புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போகவேண்டும் என்பதையும், எந்தப் பேருந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முதல் முறை சீட்டு இல்லாமல் வாயால் சொல்லி அனுப்பியவர்கள் போனார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாம் முறை இருபது சீட்டு அச்சிட்டோம், பதினொன்று தீர்ந்தது.

9. லாக்புக்கை அன்றன்றே முடியுங்கள்

ஒவ்வொரு நாளும் மாலையில் கூடத்தைப் பூட்டுவதற்கு முன் மேற்பார்வையாளரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கீழே இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அவர் தேர்வு வேலையில் சிக்கிவிடுவார். பதிவில் ‘பாவனை’ என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உண்மையான நோயாளியைப் பார்த்ததாகப் பொய்க் கணக்கு எழுதியது போலாகும். ஒப்புதல் கடிதம், மேற்பார்வையாளர் பதிவின் நகல், நடிப்பவர்களின் படிவங்கள், வருகைத் தாள், கேஸ் தாள்கள், மதிப்பூதிய ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டி ஒரு வாரத்துக்குள் துறை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை உங்கள் நகலில் வாங்குங்கள். வீடியோவை அழிக்கும் தேதியன்று மேற்பார்வையாளரிடம் அழித்துவிட்டதாக ஒரு வரி எழுதி வாங்கி, நடித்தவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். பெரியப்பா அதற்கும், ஒரு காப்பி எனக்குக் கொடுத்திருக்கலாமே என்றுதான் கேட்டார்.